இடைக்காட்டூர்க் கோயிலும் நம் கோயில் தட்டுமுட்டும்

(யூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலை, ஆலயப் பராமரிப்புக் குழுவினர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு 'இடைக்காலத்துக் கிராமக் கோயில்களின் கட்டட அமைப்பும் தட்டுமுட்டுச் சாமான்களும்' என்பது. தலைப்பைக் கேட்டதும் எங்களுக்குச் சற்றுத் தலை சுற்றியது உண்மை. எங்கள் குழுவில் இருப்பவர்கள் ஐவர். ஒருவர் கொத்தனார், ஒருவர் தச்சு வேலை செய்பவர், இருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மற்றவர் மளிகைக்கடை நடத்துபவர். ஐரோப்பாவைக் கண்ணால் கண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. ஆனாலும் மறுக்காமல் ஒப்புக்கொண்டோம். ஏனென்றால், யூபிலி முடிந்த கையோடு நம் கோயிலைப் புதுப்பிக்கும் வேலை தொடங்க இருக்கிறது. தரையைப் பெயர்த்துக் கிரானைட் பதிப்பதா, சுவரைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசுவதா, பழைய பீடத்தை எடுத்துவிடுவதா என்று பங்குப் பேரவையில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்னால் நாலு விஷயத்தைப் படித்தும் பார்த்தும் வந்து உங்கள் முன் வைக்கலாம் என்று எண்ணினோம். அப்படியே எங்கள் குழு முன்பு செய்த ஒரு தவற்றையும் இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்லுகிறோம்.

ஐரோப்பாவில் ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரையுள்ள ஆயிரம் ஆண்டுகளை இடைக்காலம் என்பார்கள். நம் நாட்டுக் கணக்கில் சொன்னால் பல்லவர் காலத்தில் தொடங்கி, சோழரையும் பாண்டியரையும் தாண்டி, விசயநகர ஆட்சி வரைக்கும் வரும். அந்தக் காலத்துக் கிராமக் கோயில் என்றதும் வானளாவும் கோபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது இரண்டு அறைகள்தான். மேற்கே மக்கள் நிற்கும் பெரிய அறை, கிழக்கே பீடம் உள்ள சிறிய அறை. இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவு. அந்த வளைவின் குறுக்கே மரத்தாலான தடுப்பு. தடுப்பின் மேல் பாடுபட்ட சுரூபம், இருபுறமும் மாதாவும் அருளப்பரும். இங்கிலாந்தில் ஒரு வழக்கம் இருந்தது. பீடம் உள்ள பகுதியைப் பழுது பார்ப்பது குருவின் பொறுப்பு, மக்கள் நிற்கும் பகுதியைப் பழுது பார்ப்பது மக்களின் பொறுப்பு. கூரை ஒழுகினால் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று பார்த்துத்தான் செலவு யாருடையது என்று முடிவு செய்வார்களாம். இந்த ஏற்பாட்டை நம் பங்குத்தந்தையிடம் சொன்னோம். அவர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

நாங்கள் படித்ததில் எங்களை அசர வைத்த செய்தி ஒன்று உண்டு. அந்தக் கோயில்களில் பெஞ்சுகள் கிடையா! சுவரை ஒட்டிக் கல் திண்ணை மட்டும் இருக்கும். அது முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும். மற்றவர்கள் நிற்பார்கள், முழந்தாளிடுவார்கள், களைத்தால் தரையில் உட்காருவார்கள். தரையில் வைக்கோலோ கோரையோ பரப்பியிருக்கும். பெஞ்சு பரவலாக வந்ததே இடைக்காலத்தின் கடைசியில்தான். நம் கோயிலில் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து பூசை காண்பதை நாகரிகக் குறைவு என்று நம் பிள்ளைகள் சிலர் நினைக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக் காலம் ஐரோப்பாவின் கிறிஸ்தவக் குடியானவர்கள் நம்மைப் போலத்தான் தரையில் இருந்தார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியும் அப்போது கிடையாது. 1215 ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், பாஸ்கு காலத்தில் நன்மை எடுக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. ஆனால் குருவானவர் ஒரு நாற்காலியில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருப்பார். பாவி அருகில் முழந்தாளிடுவான். மரக்கூண்டும் சல்லடைத் தட்டியும் பதினாறாம் நூற்றாண்டில் மிலான் அதிமேற்றிராணியார் அர்ச். கார்லோஸ் பொரோமேயு காலத்தில்தான் முறையாக வந்தன. அதே லாத்தரன் சங்கம் கிறிஸ்மா தைலத்தையும் நற்கருணையையும் பூட்டி வைக்கவேண்டும் என்றும் சொல்லிற்று. பலவிடங்களில் ஞானஸ்நானத் தொட்டிக்கும் மூடி செய்து பூட்டுப் போட்டார்கள். மந்திரிப்பதற்கென்று ஆசீர்வதித்த தண்ணீரைத் திருடிப் போகிறவர்கள் இருந்தார்களாம். சனங்கள் எங்கும் சனங்கள்தான்.

சுவர் முழுக்கச் சித்திரங்கள் இருந்தன. பெரும்பாலோர்க்கு எழுத்து வாசனை இல்லை, பூசை லத்தீனில். எனவே கண்ணால் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குப் படமே புத்தகம் என்ற கருத்தில் பாப்பானவர் பெரிய கிரகோரியார் 600 ஆம் ஆண்டளவில் மார்செய் நகர மேற்றிராணியாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த மேற்றிராணியார் படங்களை உடைத்துப் போட்டவர். அவரைக் கண்டித்து எழுதிய கடிதம் அது. பிறகு விளக்குகள். ஒவ்வொரு அர்ச்சியசிஷ்டர் சுரூபத்துக்கும் முன்னால் ஒரு விளக்கு. அந்த விளக்குக்கு மெழுகு கொடுப்பது ஒரு சபையாரின் பொறுப்பு. வாலிபர்களுக்கு ஒரு விளக்கு, கன்னியருக்கு ஒரு விளக்கு, உழவர்களுக்கு ஒன்று. இதைப் படித்தபோது எங்களில் ஒருவர், "இது நம் மண்டகப்படிதானே!" என்றார். ஆம், மண்டகப்படிதான்.

இவ்வளவும் ஏட்டுப் படிப்பு. கண்ணால் காண என்ன வழி? சிவகங்கைச் சீமையில் இடைக்காலக் கோயில் இல்லை. அர்ச். அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 ஆம் நாள் ஓரியூரில் இரத்தம் சிந்தியபோது மறவர் நாட்டில் இருந்த கோயில்கள் மண்சுவரும் கூரையுமாகவே இருந்தன. ஆனால் இடைக்காலக் கோயிலைக் கனவிலே கண்டு நம் மண்ணிலே கட்டிய ஒருவர் இருந்தார். அதனால் நாங்கள் இடைக்காலத்தைத் தேடி இடைக்காட்டூருக்குப் போனோம்!

காரைக்குடியிலிருந்து சிவகங்கை, மானாமதுரை வழியாக வேனில் சென்றோம். மதுரை – இராமேசுவரம் சாலையில் முத்தனேந்தல் பக்கம் திரும்பினால் இடைக்காட்டூர். இடைக்காட்டுச் சித்தர் பிறந்த ஊர் என்று சொல்லுவார்கள். வயலும் கருவேலுமாக இருக்கிற வழியில், சட்டென்று மரங்களுக்கு மேலே கூர்கூராக முனைகள் தெரிகின்றன. முதல் முறை பார்ப்பவர்களுக்கு அது ஒரு திடுக்கீடு. வேன் ஓட்டி வந்த தம்பி கிறிஸ்தவர் அல்லர். அவர் வண்டியை நிறுத்திவிட்டு, "இதென்னங்கய்யா, வெளிநாட்டுக்கு வந்துட்டமா?" என்று கேட்டார்.

திரு இருதய ஆண்டவருக்கு நேர்ந்துவிடப்பட்ட அந்த ஆலயத்தை 1894 இல் கட்டியவர் சேசு சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குரு, சங். பெர்டினாண்ட் செல் அடிகளார். சிவகங்கை மறைமாவட்டம் 1987 இல் மதுரையிலிருந்து பிரிந்து உண்டானது; அடிகளார் காலத்தில் அந்தப் பகுதி திருச்சிராப்பள்ளி மேற்றிராசனத்தோடு இருந்தது. பிரான்சு தேசத்தில் மரியன்னா என்ற ஒரு பெண், தீராத நோயிலிருந்து திரு இருதய ஆண்டவரின் தயவால் பிழைத்ததற்கு நன்றியாக 2,000 பிராங்கு கொடுத்தாள் என்றும், அந்தக் காணிக்கையே கோயிலுக்கு வித்தானது என்றும் ஆலய மரபு சொல்லுகிறது. பிரான்சின் ரெயிம்ஸ் நகரப் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது.

ரெயிம்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிராங்கு இனத்து அரசன் குளோவிஸ், அர்ச். ரெமிஜியார் கையால் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அதனால் பிரான்சின் அரசர்கள் அங்கே போய் முடிசூட்டிக்கொள்வது வழக்கமாயிற்று. பழைய கோயில் 1210 இல் தீப்பற்றி எரிந்ததும், 1211 இல் இப்போதைய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். உள்ளே நீளம் ஏறத்தாழ 138 மீட்டர். கூரை வளைவின் உயரம் 38 மீட்டர். அதாவது நம் கோயிலைப் போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உச்சி தொடாது. எல்லாம் சுண்ணாம்புக் கல், உளியால் செதுக்கியது. இடைக்காட்டூர்க் கோயில் அதன் அச்சு நகல் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது அன்பினால் சொல்லும் மிகை. ஒரு கிராமத்துக்கு ஏற்ற அளவில், அந்தப் பேராலயத்தின் முகத்தோற்றத்தையும் கூர்வளைவுகளையும் நினைவில் வைத்துக்கொண்டு கட்டிய கோயில் என்று சொன்னால் அடிகளாருக்குப் பெருமை குறையாது. எங்கள் கருத்தில் கூடவே செய்யும்.

ஏன் என்று சொல்லுகிறோம். ரெயிம்ஸில் கல் இருந்தது. வைகைக்கரையில் மண்தான் இருந்தது. கல்லைச் செதுக்கிச் செய்ததை அடிகளார் செங்கல்லில் செய்யத் துணிந்தார். ஏறக்குறைய 200 விதமான அச்சுகளில் செங்கல் வார்த்துக் கட்டினார்கள் என்கிறார்கள். எங்கள் கொத்தனார் ஒரு தூணின் அடியில் குந்திக்கொண்டு, கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. தூணின் ஒவ்வொரு வரிப்பும், ஒவ்வொரு குழிவும், வளைவில் ஓடும் ஒவ்வொரு விளிம்பும் கட்டிய பிறகு கொத்திச் செய்தவை அல்ல. சூளைக்குப் போகும் முன்பே ஈர மண்ணில் உருவானவை. மண் காயும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். ஆகவே அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்யவேண்டும். எவ்வளவு பெரிதாக என்பது அந்த மண்ணைக் கையால் பிசைந்தவனுக்குத்தான் தெரியும். கணக்குத் தப்பினால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறி வரும் வளைவு உச்சியில் சேராது. பக்கத்திலேதான் மானாமதுரை, கச்சேரிக் கடத்துக்குப் பேர்போன ஊர். மண்ணின் மனம் அறிந்த கைகளுக்கு அந்தச் சீமையில் என்றும் பஞ்சமில்லை. அந்த வேலைக்காரர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் எங்கள் கண்ணில் படவில்லை.

கூர்வளைவு எதற்கு என்று மளிகைக்கடைக்காரர் கேட்டார். கொத்தனார் இரண்டு பேரை எதிரெதிரே நிற்க வைத்து, கைகளைத் தலைக்கு மேலே கோத்துச் சாயச் சொன்னார். "கால் அகலமா நின்னு சாஞ்சா கீழே வழுக்கும். நெருக்கமா நின்னு கையை உசரத் தூக்கிச் சாஞ்சா நிக்கும். அவ்வளவுதாண்ணே" என்றார். அரைவட்ட வளைவு பக்கத்துச் சுவர்களை வெளியே உதைக்கும். அதனால் சுவர் தடிப்பாக இருக்கவேண்டும், சன்னல் சிறிதாக இருக்கவேண்டும். கூர்வளைவில் உதைப்புக் குறைந்து பாரம் பெரும்பாலும் கீழே இறங்கும். அதனால் சுவர் மெலிந்து சன்னல் பெருக்கும். வெளிச்சம் உள்ளே வரும். கோதிக் கலை என்று பெரிய பெயர் வைத்திருப்பதன் உள்ளடக்கம் இதுதான். மேலே கூரையில் விலா எலும்பு போல ஓடும் வரிகளும் அந்தப் பாரத்தைத் தூணுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வழிகளே. உள்ளே நின்றபோது வெளியில் அடித்த வெயிலை நாங்கள் மறந்தே போனோம். பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த சுரூபங்கள் அமைதியாக நிற்கின்றன. ஒரு தாயார் பீடத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மடியில் தூங்கும் குழந்தைக்கு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். ரெயிம்ஸ் மாதிரிக் கோயிலில், இடைக்காலத்துக் கிராமத்தாள் மாதிரி!

கண்டதைச் சொன்னோம். இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

நம் செட்டிநாட்டில் தூர தேசத்துச் சாமானைக் கொண்டுவந்து ஊர்க்கையால் கட்டிச் சேர்ப்பது புதிதல்ல. நகரத்தார் வீடுகளில் பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பிணைத்து நிற்கிற சுவர் நம் கொத்தனார் பூசிய சுண்ணாம்புச் சுவர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு, சுண்ணாம்பை அரைத்து, பல பூச்சுகள் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தொட்டால் குளிரும்; முகம் தெரியும். நம் கோயிலின் பீடப்பகுதிச் சுவர் அந்த வேலைதான். தெரிந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சுவர் மங்கிவிட்டது என்று சொல்லி அதன்மேல் நீலநிற எனாமல் வர்ணம் அடித்தவர்கள் நாங்கள்தாம். அடித்த ஆண்டு பளபளவென்று இருந்தது, எல்லோரும் பாராட்டினீர்கள். அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் போட்டது. சுரண்டிவிட்டு மறுபடியும் அடித்தோம், மறுபடியும் கொப்புளம். சுவர் கெட்டுவிட்டது, கொத்திவிட்டுச் சிமெண்டு பூசவேண்டும் என்று இப்போது எழுந்திருக்கும் பேச்சுக்கு மூலகாரணம் அந்த வர்ணமே. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். மழையில் உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் வாயை எண்ணெய் வர்ணத்தால் அடைத்தால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளும். சிமெண்டு பூசினாலும் இதே கதைதான். கொஞ்சம் தாமதமாக நடக்கும். சுவர் கெடவில்லை, அன்பர்களே. வர்ணத்தைப் பொறுமையாக எடுத்துவிட்டால் அடியில் பழைய மெருகு இருக்கிறது. சக்கிரீஸ்து அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு முழ அகலம் எடுத்துப் பார்த்தோம். போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போங்கள்.

இது சிறிய தவறு, திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாதது பிரசங்கத் தொட்டி.

இளைஞர்களில் பலர் அதைக் கண்டிருக்கமாட்டீர்கள். தூணை ஒட்டி, எட்டுப் படி ஏறிப் போகும்படி, தேக்கில் செய்த தொட்டி. நான்கு சுவிசேஷகர்களும் பக்கப் பலகைகளில். மேலே குடை மாதிரி ஒரு மூடி. அந்த மூடி அழகுக்கு வைத்தது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். குருவின் குரல் மேலே போய்க் கலைந்துவிடாமல் மக்கள்மேல் திருப்பிவிடுவதற்கு வைத்த பலகை அது என்பது இப்போது படித்துத்தான் தெரிகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் முடிந்தபின் குருவானவர் மக்களைப் பார்த்துத் தமிழில் பூசை வைத்தார். பிறகு மைக்கும் வந்தது. தொட்டியில் யாரும் ஏறவில்லை. அதில் பழைய துணிகளையும் கிறிஸ்துமஸ் குடில் சாமான்களையும் போட்டு வைத்தோம். கரையான் வந்துவிடும் என்று பயந்தோம். ஒரு வியாபாரி வந்து நல்ல விலை சொன்னார். குழு கூடித் தீர்மானம் போட்டது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு எத்தனையோ வீட்டுத் தூண்களும் கதவுகளும் போன வழியிலே நம் பிரசங்கத் தொட்டியும் ஒரு மாட்டுவண்டியில் போயிற்று. கிடைத்த பணத்தில் ஒலிபெருக்கி வாங்கினோம். அது நான்கு ஆண்டு வேலை செய்தது.

தொட்டியை இறக்கிய அன்று ஓர் அப்பத்தா வந்து நின்றார். இப்போது அவர் உயிரோடு இல்லை. எங்களை வையவில்லை. "என் கலியாண ஓலை அதுலேருந்துதானப்பா வாசிச்சாக" என்று மட்டும் சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க, தூணுக்குப் பின்னால் முக்காடிட்டு உட்கார்ந்து தன் பெயரைக் கேட்டிருப்பார். எங்களுக்கு அது மரச்சாமான். அவருக்கு அப்படி அல்ல. நாங்கள் அவருக்கு அன்று சொன்ன பதில் எங்களுக்கே நினைவில்லை. ஏதோ கரையானைப் பற்றித்தான் சொல்லியிருப்போம்.

பழையதெல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்ல வந்ததாக யாரும் எண்ணவேண்டாம். பீடத்துக்கு முன்னிருந்த கிராதியை எடுத்தபோது எங்களில் எவருக்கும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. கோயிலுக்குள் தடுப்பு என்பது நம் நாட்டில் வெறும் தச்சு வேலையாக இருந்ததில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு முன்னால் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்திய அமைப்பு இருந்தது. 1910 இல் அந்தத் தடுப்பை இடித்தார்கள். அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். நம் கோயிலிலும் கிராதியை எண்ணி யார் எந்தத் தூண் வரை வரலாம் என்று கணக்கு இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். பாய் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் யார் பாய் எங்கே விரியலாம் என்பதில் வித்தியாசம் இருந்தது. அந்தக் கிராதியின் ஒரு துண்டு சாமியார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. அதை மட்டும் எறியாமல் வைத்திருக்கலாம் என்பது எங்கள் யோசனை. பிள்ளைகள் கேட்டால் காட்டவேண்டும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. ரெயிம்ஸ் பேராலயத்தின் தரையில் ஒரு சுழல்வழிக் கோலம் பதிக்கப்பட்டிருந்தது. அதன் மூலைகளில் அந்தக் கோயிலைக் கட்டிய நான்கு தலைமைக் கொத்தனார்களின் உருவமும் பெயரும் இருந்தன. ழான் தொர்பே, ழான் லெ லூ, கோஷே, பெர்னார் என்பவர்கள் அவர்கள். பூசை நேரத்தில் சிறுவர்கள் அந்தக் கோலத்தில் ஓடி விளையாடிச் சத்தம் போட்டதால், 1779 இல் கோயில் நிர்வாகத்தில் இருந்த குருக்கள் அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இருநூறு ஆண்டுக்கு முன் ஒருவர் வரைந்து வைத்திருந்த படம் இருந்ததால் அந்த நான்கு பெயர்கள் இன்று நமக்குத் தெரிகின்றன. படம் இல்லாதிருந்தால், இடைக்காட்டூரில் பெயர் தெரியாத சூளைக்காரர்களோடு அவர்களும் சேர்ந்திருப்பார்கள். நம் பீடத்தின் முன்னே இருப்பது ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியின் வழவழப்பு அதற்கு வந்துவிடும். நடக்க நடக்க மெருகு ஏறும். மூன்று கல் உடைந்திருக்கிறது, ஒன்று ஆடுகிறது. அவ்வளவுதான். அதே பூவேலையை ஆத்தங்குடியில் இன்றும் கையால் செய்கிறார்கள். நான்கு கல்லுக்காக நானூறு கல்லைப் பெயர்ப்பது எந்தக் கணக்கு என்று மளிகைக்கடைக்காரர் பேரவையில் கேட்டார். அவர் கேட்டவிதம் சற்றுக் காரமாக இருந்ததற்கு எங்கள் மன்னிப்பு. கேள்வி சரியான கேள்விதான்.

புதுமை வேண்டாம் என்பதும் எங்கள் கட்சி அல்ல. 1914 செப்டம்பரில், முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியர் பீரங்கி அடியில் ரெயிம்ஸ் பேராலயம் தீப்பற்றியது. பழைய மரக்கூரை முழுவதும் எரிந்தது. ஈயத் தகடு உருகி மழைநீர்த் தூம்புகளின் வாய் வழியே ஒழுகிற்று. வாசலில் புன்னகை செய்துகொண்டு நிற்கும் சம்மனசின் தலை உடைந்து கீழே விழுந்தது. அதைத் திரும்பக் கட்டியவர்கள் என்ன செய்தார்கள்? தலையைப் பொறுக்கி எடுத்து ஒட்டி மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்கள். ஆனால் கூரையை மரத்தால் செய்யவில்லை. தெனோ என்ற கட்டடக் கலைஞர் சிறுசிறு கான்கிரீட் துண்டுகளாக வார்த்து, மரச்சட்டம் பூட்டுவது போலவே பூட்டி, தீப்பிடிக்காத கூரையாகச் செய்தார். அமெரிக்கச் செல்வர் ராக்பெல்லர் பணம் கொடுத்தார். 1938 இல் பேராலயம் முழுவதுமாகத் திறக்கப்பட்டது. 1974 இல் மார்க் ஷகால் என்ற யூத ஓவியர் வரைந்த புதிய கண்ணாடிச் சன்னல்களும் அங்கே பொருத்தப்பட்டன. எங்கே பழையதை ஒட்டவேண்டும், எங்கே புதியதைப் பூட்டவேண்டும் என்று அவர்கள் நின்று யோசித்தார்கள். நமக்கும் கூரை ஓடு மாற்றவேண்டும், மின்கம்பி முழுவதும் மாற்றவேண்டும், முதியவர்களுக்குச் சரிவுப் பாதை வேண்டும். அதற்கெல்லாம் எங்கள் முழு ஒத்துழைப்பு உண்டு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் சில பேர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்; எல்லோரும் வயதானவர்கள். அவர்கள் கூடவே நம் பையன்கள் இரண்டு பேரை வேலைக்கு நிறுத்தவேண்டும் என்பதைப் பேரவை முன் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் வைத்திருக்கிறோம். இடைக்காலத்தில் மேற்றிராணியாரின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கோயில் சாமான்களைக் கணக்கெடுப்பார்கள்: பாத்திரம் எத்தனை, பூசைப் புத்தகம் கிழிந்திருக்கிறதா, தொட்டியின் பூட்டுச் சரியாக இருக்கிறதா என்று. நம்மிடம் அப்படி ஒரு பதிவேடு இல்லை. இருந்திருந்தால் பிரசங்கத் தொட்டியைச் செய்த ஆசாரி யார், மரம் கொடுத்தவர் யார் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் தீர்மானம் அவ்வளவு சீக்கிரத்தில் நிறைவேறியிருக்காது. ஆகவே கடந்த மூன்று மாதமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். கோயில்பிள்ளையின் உதவியோடு 114 சாமான்கள் எழுதியாயிற்று. பெரிய வெள்ளிக்கிழமை மரமணி முதல் பழைய தூம்பா வரைக்கும். உங்கள் வீட்டில் கோயில் சாமான் ஏதேனும் வந்து தங்கியிருந்தால், எப்படி வந்தது என்று நாங்கள் கேட்கமாட்டோம். என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளுகிறோம்.

அப்படித் தேடியபோதுதான் 115 ஆவது சாமான் கிடைத்தது. சாமியார் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஆடுகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி ஒன்று கிடக்கிறதல்லவா? அது வாசலில் இருந்த பழைய தீர்த்தத் தொட்டி. நெகிழிக் கிண்ணம் மாட்டியபோது அதை அங்கே உருட்டிப் போட்டவர்களும் நாங்களேதான் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த உரை பொய்யாகிவிடும். போன வாரம் பாசியைச் சுரண்டிக் கழுவினோம். ஒரே கருங்கல், அடியில் நீர் போக ஒரு துளை. விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் கல் வழுவழுவென்று குழிந்திருக்கிறது. கோயிலுக்குள் நுழைகிறவர்களின் வலது கைப் பக்கம் அது. தலைமுறை தலைமுறையாக விரல் பட்டுத் தேய்ந்த இடம்.

சனிக்கிழமை சாயந்தரப் பூசை முடிந்ததும் அதை வாசலுக்கு நகர்த்தப் போகிறோம். கடப்பாரை இருக்கிறது, உருட்டுக்கட்டை இருக்கிறது, வடம் தேர்க்கொட்டகையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சாமி உத்தரவு கொடுத்துவிட்டார். நாங்கள் ஐவரும் வயதானவர்கள். எட்டுப் பேராவது கூட வேண்டும். வருகிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள், வேப்பமரத்தடியில் முள் கிடக்கிறது.